வெத்து மேடு

“எங்கப்பாவோட நெஞ்சுப் படத்தைக் குடுங்க.”

இதை மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடாதே என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருந்தார்கள். அவளுக்கு மட்டுமில்லை, சுரங்கக் குடியிருப்பின் அறுபது வீட்டுப் பிள்ளைகளுக்கும். மருந்தகத்துக்குப் போனால் மாத்திரை கேள், இருமலுக்குத் தண்ணி மருந்து கேள், காயத்துக்குக் கட்டுத்துணி கேள். படத்தைக் கேட்காதே. வருஷத்துக்கு ஒரு தடவை ஆட்களைச் சட்டையைக் கழற்றி வரிசையில் நிறுத்தி நெஞ்சைப் படம் பிடிப்பார்கள். பிடித்த படம் உள்ளே போகும், வெளியே வராது. கேட்டவன் பெயர் மறுமாதம் வேலைப் பட்டியலில் இருக்காது.

சுரங்கம் மூடி நாலு வருஷம் ஆகிவிட்டது. இப்போது பட்டியலே இல்லை. அப்படியும் யாரும் போய்க் கேட்கவில்லை.

மருந்தகம் மட்டும் வாரத்தில் இரண்டு நாள் திறந்திருந்தது. கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால் அதே கம்பவுண்டர். எல்லாரும் அவரை ‘மாத்திரை’ என்றுதான் சொல்வார்கள். எந்த நோய்க்கும் ஒரே வெள்ளை மாத்திரையைத் தந்து வந்ததால் வந்த பேர். அவர் கத்தரிக்கோலால் மாத்திரை அட்டையைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

“யாரு, வெத்து தள்ளினவர் மகளா?”

“ஆமா.”

“காலேஜு வரைக்கும் போன பொண்ணு. உனக்குமா சொல்லித் தரணும்?”

“சொல்லித் தந்தாங்க. தெரிஞ்சுதான் கேக்கறேன்.”

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். படமெல்லாம் இருந்த அறையின் கூரை ஒரு மழையில் இடிந்து விழுந்துவிட்டது, நனைந்ததையெல்லாம் வண்டியில் ஏற்றிக் குழியில் போட்டு மூடிவிட்டார்கள் என்றார். எந்த வருஷ மழை என்று கேட்டாள். ஏதோ ஒரு வருஷம் என்றார். பிறகு, அவள் மேல் கொஞ்சம் இரக்கம் வந்ததுபோல, பின்னாலிருந்த மரப்பெட்டியில் தேடி அப்பாவின் வேலை அட்டையை எடுத்துக் கம்பி வழியாகக் காட்டினார். கையில் தரவில்லை.

தொழில் என்ற கட்டத்தில் ஒரே சொல் எழுதியிருந்தது. வெத்து.

“படம் இருந்தாலும் பிரயோசனம் இல்லம்மா. கல் தூசி நோயின்னா கல்லு ஒடைக்கிறவனுக்கு. உங்கப்பா கல்லுல கை வெச்சதே இல்ல. தள்ளினது வெத்து.”

“வெத்துன்னா என்ன, பஞ்சா?”

அவர் சிரித்துவிட்டார். சிரித்தது அவருக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது. “அட்டையில அப்படித்தான் போட்டிருக்கு. நான் எழுதல” என்று சொல்லி அட்டையைப் பெட்டிக்குள் போட்டார்.

அந்தச் சுரங்கத்தில் வெட்டியது வெள்ளைக்கல். தட்டு, கிண்ணம், கை கழுவும் தொட்டி, சுவரில் பதிக்கிற ஓடு எல்லாவற்றுக்கும் போகிற கல். வெள்ளைக்கல்லோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு கல்லும் வரும். சாம்பலும் ஊதாவும் கலந்த நிறம். நகத்தால் கீறினால் இதழ் இதழாகப் பிரியும். அதில் ஒரு துணுக்கு வெள்ளைக்கல்லோடு சூளைக்குப் போனாலும் தட்டில் பழுப்புப் புள்ளி விழுந்துவிடும். அதனால் பொறுக்கி வெளியே போடு என்றார்கள். அதற்குப் பேர் வெத்து.

அப்பா இருபத்தாறு வருஷம் அதைத் தள்ளினார். கையால் வாரித் தள்ளுவண்டியை நிரப்பி, தண்டவாளத்தில் மேட்டின் விளிம்புவரை நெஞ்சு கொடுத்துத் தள்ளிப்போய், கொக்கியை நீக்கிக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்ததும் தூசி எழும்பும். அது அடங்கும்வரை அங்கேயேதான் நிற்க வேண்டும், வண்டி தானாக உருண்டுவிடக் கூடாது என்பதற்காக. சுரங்கத்துக்குள்ளே துளை போடுகிறவர்களுக்குத் தூசி பறக்காமல் தண்ணீர் அடிப்பார்கள். மேட்டில் தண்ணீர் கிடையாது. குப்பைக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?

பிறகு எங்கிருந்தோ மலிவான தட்டுகள் வந்தன. வெள்ளைக்கல்லுக்கு விலை இல்லாமல் போய்ச் சுரங்கத்தை மூடினார்கள். மூன்று வருஷம் கழித்துச் சுத்தியலும் கையடக்கக் கருவியுமாகச் சிலர் வந்து மேட்டில் ஏறி இறங்கினார்கள். வெத்தில்தான் லித்தியம் இருக்கிறதாம். ஃபோனுக்கும் வண்டிக்கும் பேட்டரி செய்ய உலகமே அதைத் தேடுகிறதாம். ஆறே மாதத்தில் ஒரு புது நிறுவனம் மேட்டை வாங்கி, சுற்றிலும் கம்பி கட்டி, பலகை வைத்தது. *கனிம இருப்பு. அனுமதியின்றி நுழையாதே.*

அவள் படித்தது பொருளாதாரம். அந்த வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். கடைசி வருஷத் தேர்வில் இயற்கை மூலதனம் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். பூமிக்குள் இருப்பதும் ஒரு நாட்டின் சொத்துதான், விலை ஏறினால் வெறும் பாறையும் கனிம இருப்பு ஆகும், விலை இறங்கினால் இருப்பு மறுபடியும் பாறை ஆகும், தோண்டத் தோண்டக் குறைகிற சொத்தையும் தேய்கிற மண்ணையும் நீரையும் எழுதி வைக்காத நாடு தன்னையே ஏமாற்றிக்கொள்கிறது என்று ஏழு பக்கம் எழுதினாள். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான். ஏழு பக்கத்திலும் அப்பாவின் ஞாபகம் ஒரு தடவைகூட அவளுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துவைக்கிற கல் மேட்டிலிருந்து உருண்டு வந்த பெரிய வெத்துப் பலகை. அதன் பக்கவாட்டில் சிவப்புச் சாயத்தில் 417 என்று எழுதியிருந்தது. போன வாரம் நிறுவனத்து ஆட்கள் வீடு வீடாக வந்து படிக்கல், துவைகல், கோழிக்கூண்டின் மேல் வைத்திருந்த கல் எல்லாவற்றுக்கும் எண் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எல்லாம் நிறுவனத்துச் சொத்தாம். மேட்டை அள்ளி முடித்துவிட்டுக் கடைசியில் இதையும் வந்து எடுத்துக்கொள்வார்களாம்.

“இருவது வருஷமா இதுல அடிச்சுத் தொவைக்கறேன். என் சோப்பு நுரையையும் சேத்து எடுத்துட்டுப் போகச் சொல்லு” என்று அம்மா யாரிடமோ சொல்வதுபோல ஒவ்வொரு துணிக்கும் ஒரு தடவை சொன்னாள்.

அப்பா உள்ளே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகின் மேல் கையையும் தாடையையும் வைத்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வராது. இரண்டு வருஷமாக அவருக்குத் தூக்கம் இப்படித்தான். எதிரே ‘கொக்கி’ மாமா. தள்ளுவண்டிகளுக்குக் கொக்கி மாட்டியவர். அவருக்கும் இருமல்தான், ஆனால் இன்னும் படுக்க முடிகிறது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

“என்ன மருமகளே, மாத்திரைகிட்டப் போய் வம்பு வளத்தியாமே” என்றார். அவள் வந்து சேருவதற்குள் சேதி வந்துவிட்டது.

“குழியில போட்டு மூடிட்டாங்களாம்.”

“மூடுவாங்க. நம்மளையும்தான் மூடுவாங்க.” அவருக்கு ஏதோ ஞாபகம் வந்து சிரித்தார், சிரிப்பு இருமலானது, இருமல் நிற்கிறவரை எல்லாரும் காத்திருந்தார்கள். “இனிமே எரிக்கறதா பொதைக்கறதான்னு நம்ம வீட்டுல கேக்க மாட்டாங்கடா. அரைக்கறதுன்னு முடிவு பண்ணிடுவாங்க. என்னய அரைச்சா ரெண்டு ஃபோனு ஓடும். உன்னய அரைச்சா ஒரு வண்டியே ஓடும்.”

அப்பா தாடையை எடுக்காமலே சிரித்தார்.

கொக்கி மாமா எழுந்து போகும்போதுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். முந்தின நாளே அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மகனுக்கு மேட்டில் லாரி ஓட்டுகிற வேலை. அதைச் சொல்லும்போது அவர் அவளைப் பார்க்காமல் வாசல்படியின் சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்து விஷயம் இதுதான். மேட்டை வாங்கியபோது பழைய ஆட்களின் நோய்க்குப் பதில் சொல்கிற பொறுப்பும் அதோடு சேர்ந்து புது நிறுவனத்தின் தலையில் விழுந்தது. அதைக் கழற்றிவிட அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வீட்டுக்கு ஒருவருக்கு வேலை. பதிலுக்கு அந்த வீட்டுப் பழைய தொழிலாளி, எனக்கு வேலையால் நெஞ்சு நோய் எதுவும் வரவில்லை, இனிமேலும் கேட்க மாட்டேன் என்று எழுதித் தர வேண்டும். அப்பா கையெழுத்துப் போட வேண்டியது மறுநாள் காலை பத்து மணிக்கு, மேட்டடியில் நிறுவனம் போட்டிருந்த கூடாரத்தில். வேலை அவளுக்கு.

அவள் பெரிய ஊருக்குப் போய், தொழில் நோய்க்கு முறையீடு வாங்குகிற அலுவலகத்தில் ஏற்கெனவே விசாரித்திருந்தாள். முறையீடு ஏற்றால் நல்ல ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள், மூச்சு வாங்க வீட்டுக்கே கருவி தருவார்கள், அப்பா காலை நீட்டிப் படுக்கலாம். அதற்கு இரண்டு ஆதாரம் வேண்டும் என்றார்கள். வேலையில் இருந்தபோது எடுத்த நெஞ்சுப் படம். அவர் தள்ளியது கல்தான் என்பதற்கு ஏதாவது ஒரு சாட்சி. கையெழுத்துப் போட்டுவிட்டால் இரண்டும் இருந்தும் பயனில்லை.

பிற்பகலில் நிறுவனத்து அதிகாரி படிவத்தை முன்கூட்டிக் காட்டிவிட்டுப் போக வந்தார். சின்ன வயது. மேட்டுத் தூசி ஒட்டாத சட்டை. அப்பாவை ஐயா என்றார், அவளை மேடம் என்றார். அம்மா தந்த டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கெட்டவராகத் தெரியவில்லை, அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. சோதனைக்கு எடுக்கிற கல் மாதிரிப் பைகளுக்குச் சீட்டு எழுதுவதுதான் அவளுக்கு வேலை என்றார். எந்தக் குழி, என்ன ஆழம், என்ன தரம் என்று எழுதி ஒட்ட வேண்டும். அவள் கையெழுத்து அழகாக இருக்கும் என்று கேள்விப்பட்டாராம்.

“சீட்டுல அதுக்கு என்ன பேர் எழுதணும்?”

“தாதுன்னு எழுதணும் மேடம்.”

“எங்கப்பா அட்டையில வெத்துன்னு இருக்கு. அதே மேடுதான். ரெண்டுல எது பொய்?”

அவர் சங்கடப்படவில்லை. வகுப்பில் நல்ல கேள்வி கேட்டுவிட்ட மாணவியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “பொய்யின்னு இல்ல மேடம். அப்ப அது வெத்து. இப்ப தாது. பேரை விலைதான் வெக்குது.”

ஏழு பக்கத்தில் அவள் எழுதியதும் அதுதான்.

“எங்கப்பா நெஞ்சுக்குள்ள இருக்கே, அதுக்கும் பேர் மாறிடுச்சா?”

அவர் படிவத்தின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டார். பேச்சை நல்ல பக்கம் திருப்புகிற எண்ணத்தில், “நீங்க பயப்படவே வேணாம் மேடம். நாங்க தண்ணி அடிச்சுத்தான் அள்ளுவோம். சீட்டு எழுதறவங்களுக்குக்கூட முகமூடி உண்டு. இந்தத் தூசி ரொம்ப மோசமானது. ஒரு வருஷம் சும்மா நின்னு சுவாசிச்சாலே போதும்” என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் எந்த வீட்டில் உட்கார்ந்து சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பத்து மணிக்குக் கூடாரத்துக்கு வந்துவிடுங்கள் ஐயா என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா நாற்காலி முதுகிலிருந்து தாடையை எடுத்தார். “இருவத்தாறு வருஷம்” என்றார்.

சாயங்காலம் அம்மா கிழங்கு வேகவைத்தாள். அடுப்பங்கரை மேட்டைப் பார்த்த பக்கம். அங்கிருந்த ஜன்னலின் கண்ணாடி அவள் விடுதிக்குப் போன வருஷமே உடைந்துவிட்டது. அம்மா அதில் காலண்டர் தாளை ஒட்டியிருந்தாள். படத்தில் ஓர் அருவி. அருவி இப்போது புகையேறிக் காப்பித் தண்ணீர் மாதிரி இருந்தது. காற்றடித்தால் அந்தத் தாள் தாள்போலப் படபடக்காது, டப் டப்பென்று தகடுபோலச் சத்தம் வரும்.

அப்பா தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நாளைக்குச் சட்டை எது என்று கேட்டார். அதற்குத்தான் அவள் காத்திருந்தாள்.

“நீங்க போகக் கூடாது.”

“போகாம?”

“படத்தைத் தேடுவேன். அந்தக் குழியைத் தோண்டியாவது எடுப்பேன்.”

அவர் ஒரு துண்டுக் கிழங்கைப் பிட்டு வாயில் போட்டு மென்று முடிக்கிறவரை பேசவில்லை. மெல்லும்போது மூச்சு விட முடியாது. “பாப்பா, எனக்கு இன்னும் எத்தனை நாளு? ஒரு வருஷம் படுத்துத் தூங்கறதுக்காக உன் அம்பது வருஷத்தை விக்கச் சொல்றியா? நீ உக்காந்து எழுதப் போற. கையில தூசி படாம. அதுக்குத்தான நான் தள்ளினேன்.”

“நீங்க தள்ளினதைத்தான் நான் எழுதப் போறேன். தாது தாதுன்னு ஒவ்வொரு பையிலயும் எழுதி ஒட்டுவேன். எங்கப்பா மட்டும் அட்டையில வெத்தாவே செத்துப் போவாரு. அப்படித்தான?”

“எழுதுனவனுக்கு நான் வெத்துன்னா இருந்துட்டுப் போறேன். உங்கம்மாவுக்குத் தெரியும்ல நான் யாருன்னு.”

அவள் தட்டைத் தள்ளிவிட்டாள். படம் இருந்தால் இப்படிப் பேசுவீர்களா, ஒரு படம், ஒரே ஒரு படம் இருந்தால் எல்லார் வாயையும் அடைத்துவிடுவேன் என்று கத்தினாள். அம்மா அதுவரை அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

“கத்தாத. படம் எங்கயும் போகல.”

“ஏய்” என்றார் அப்பா.

“எத்தனை நாளைக்குங்க ஏய் ஏய்ன்னுட்டே இருப்பீங்க?” என்ற அம்மா அவள் பக்கம் திரும்பினாள். “உன் எதுருலதாண்டி இருக்கு. அருவிக்குப் பின்னால.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அம்மா துண்டு துண்டாகச் சொன்னாள். ஒன்பது வருஷத்துக்கு முன்பு மாத்திரை விடுப்பில் போயிருந்தார். பதிலுக்கு வந்தவன் புது ஆள். படம் நோயாளிக்குத்தான் சொந்தம் என்று நினைத்து, வரிசையில் முதலில் நின்ற அப்பாவின் கையில் கொடுத்துவிட்டான். அடுத்த ஆளுக்குக் கொடுப்பதற்குள் யாரோ வந்து தடுத்துவிட்டார்கள். அப்பா அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தார். வெளியே தெரிந்தால் வேலை போகும், அடுப்பில் போட்டு எரித்துவிடு என்றார்.

“எரிச்சா நாத்தம் அடிக்கும். நல்ல கெட்டித் தகடு, கிழியாது, நனையாது. கண்ணாடி வேற அப்பத்தான் ஒடஞ்சு கெடந்துச்சு. எலும்பைப் பாத்துட்டே சோறாக்க முடியுமா? அதான் ரெண்டு பக்கமும் காலண்டரை ஒட்டினேன்.”

அவள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே கிடைக்கும் என்று மூன்று மாதமாக அலைந்து, கடைசியில் மாத்திரையிடமும் கேட்டுப் பார்த்த படம். அதன் கீழேதான் தினமும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

அப்பாவுக்கு இருமலும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “மேட்டுத் தூசி இந்த ஒரு அறைக்குள்ள மட்டும் வரலைன்னா, அதைத் தடுத்ததும் என் நெஞ்சுதான் பாத்துக்கோ.” பிறகு குரலை மாற்றிக்கொண்டு, “அதுல யாரும் கை வெக்கக் கூடாது. நாளைக்கு நான் கையெழுத்துப் போடத்தான் போறேன்” என்றார்.

விடிந்ததும் அவள் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஜன்னலிடம் போனாள். கைவைக்காதே என்று அப்பா மறுபடி சொல்லவில்லை. மாவுப் பசை இறுகியிருந்தது. ஊறவைத்து ஊறவைத்து அருவியை உரித்தாள். வெளிப்பக்கத்துத் தாள் வெயிலிலும் மழையிலும் பாதி அழிந்து போயிருந்தது, மீதியைக் கொல்லைப் பக்கம் போய்ச் சுரண்டினாள். திரும்பி உள்ளே வந்தபோது மேட்டுக்கு மேலே வெயில் வந்திருந்தது.

ஜன்னல் முழுக்க அப்பாவின் நெஞ்சு வெளிச்சமாக நின்றது.

விலா எலும்புகள் ஏணிபோல இருந்தன. இருட்டாக இருக்க வேண்டிய இரண்டு பக்கமும் வெள்ளைப் புள்ளிகள், மேலே போகப்போக ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாக. மூலையில் மருந்தகத்தின் முத்திரை, தேதி, அப்பாவின் அட்டை எண். படம் பிடித்தவர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் மேட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். தன் நெஞ்சை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அன்றைக்குச் சட்டைக்குள் வைத்துக் கொண்டு வந்தாரே தவிர வெளியே எடுத்துப் பார்க்கவில்லை. வெகுநேரம் பார்த்தார். ஒரு விரலால் புள்ளிகளைத் தொட்டார்.

“இவ்வளவு வெள்ளையா இருக்கே” என்றார்.

விரலை அடுத்த புள்ளிக்கு நகர்த்தினார்.

“கருப்பா இருக்கும்னு நெனச்சேன். வெத்துதானன்னு.”

அவள் கத்தியால் நாலு ஓரத்தையும் அறுத்துப் படத்தை எடுத்து, பழைய துண்டில் சுருட்டினாள். ஜன்னல் வெறும் சட்டமாக நின்றது. மேட்டிலிருந்து முதல் இயந்திரம் உறுமுகிற சத்தம் இப்போது நேராக உள்ளே வந்தது.

“பாப்பா, பத்து மணிக்கு…”

“போறதுன்னா போங்கப்பா. சட்டை மடிச்சு வெச்சிருக்கேன். ஆனா அந்த வேலைக்கு நான் வர மாட்டேன். போற வழியில கூடாரத்துலயே சொல்லிட்டுப் போறேன். வேலைக்கு ஆள் பேரு இல்லாத படிவத்துல கையெழுத்து செல்லாது.”

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் வந்த மாதிரியும் இல்லை, வராத மாதிரியும் இல்லை. “வேல போச்சு” என்றார். அவளிடம் இல்லை, நாற்காலியிடம்.

அவள் செருப்பு மாட்டும்போது கொல்லையில் சுத்தியல் சத்தம் கேட்டது. நாலு அடி, ஐந்தாவதில் ஏதோ உடைந்தது. அம்மா முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். அவள் கையில் துவைகல்லின் மூலை. உடைந்த பக்கம் இதழ் இதழாக மின்னியது. மறுபக்கம் சிவப்புச் சாயத்தில் 417 முழுசாக இருந்தது.

“இந்தா. வெத்து கல்லு இல்லைன்னு எவனாச்சும் சொன்னா இதைக் காட்டு. அவனுக கைப்பட நம்பர் போட்டது.”

கையளவு கல் நல்ல கனம். அவள் அதைப் பைக்குள் போட்டு, படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

“ஜன்னலுக்கு இப்ப என்னத்தடி ஒட்டுறது?” என்று அம்மா பின்னாலிருந்து கேட்டாள்.

பெரிய ஊர்ப் பேருந்துக்கு இருபது நிமிஷம் இருந்தது, கூடாரம் வழியில்தான் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.